வில்லுக்கு எண்ணெய் தடவியவன்

என் மனைவி வயலின் கலைஞர். இதை நான் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முதலில் என் கையைத்தான் பார்ப்பார். கரும்புச் சோகை கிழித்த தழும்பும் டிராக்டர் கிரீஸும் ஏறிய கை. பிறகு, "அப்டியா, ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்களா?" என்பார். இல்லை, மேடையில் வாசிக்கிறாள் என்றால் நம்பியும் நம்பாமலும் ஒரு தலையாட்டல். பாகூர் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் கச்சேரி செய்கிற மருமகளா என்று யோசிப்பார்கள் போலிருக்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெண் பார்க்கப் போன அன்று அரியாங்குப்பத்தில் அவள் வீட்டுக் கூடத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, உள்ளே தையல் மிஷின் இருக்கிறது, பெண் கைத்தொழில் தெரிந்தவள் என்று சந்தோஷப்பட்டவன் நான்.

அவள் பதினொரு வயதில் மேடை ஏறியவள். கல்யாணத்துக்கு முன்பு பத்து வருஷத்துக்கு மேல் பக்கவாத்தியமாக வாசித்திருக்கிறாள். கல்யாண வீடுகள், கோயில் திருவிழாக்கள், புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் சபாக்கள். பக்கவாத்தியம் என்றால் என்ன என்று எனக்கு அவள்தான் விளக்கினாள். பாடுகிறவர் முன்னால் போவார், இவள் பின்னாலேயே போக வேண்டும். அவர் எந்தச் சந்தில் திரும்புவார் என்று சொல்லமாட்டார். இவள் திரும்பத் தவறினால் ஊருக்கே தெரியும், சரியாகத் திரும்பினால் யாருக்கும் தெரியாது. "நம்ம வூட்டு மாட்டுவண்டி பின்னாடி சைக்கிள்ல போறாப்பலதானே?" என்றேன். ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, "ஆமா. ஆனா மாடு பாடும்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு இவளை ரொம்பப் பிடித்துப்போனது.

கல்யாணத்துக்குப் பிறகு கச்சேரிகள் குறைந்தன. மகள் பிறந்தாள், ஒரு வருஷம் போயிற்று. அது ஒரு காரணம். இன்னொன்று எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமான பெண்ணைக் கச்சேரிக்கு அழைக்க வேண்டுமானால் அவளுக்குப் போன் செய்யமாட்டார்கள். புருஷனுக்குத்தான் செய்வார்கள். அவள் நம்பர் எல்லாரிடமும் இருக்கும், இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது மரியாதையாம். நானும் அதை மரியாதை என்றே நினைத்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்படி வந்த அழைப்புகளில் இரண்டுக்கு நானே "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு முறை என் அம்மாவுக்குக் காய்ச்சல். இன்னொரு முறை அறுவடை. அவளுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று என் மனதுக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. போன் வராத மாதங்களில் அவள், "என்னை மறந்துட்டாங்க போல" என்று காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள். நான் மோட்டார் போட வேண்டும் என்று கழனிக்குக் கிளம்பிவிடுவேன்.

போன கார்த்திகையில் ஒரு போன். புதுச்சேரியில் நல்ல பெயருள்ள வயதான பாடகர் ஒருவர். அவருக்கு எப்போதும் வாசிக்கிறவர் மகன் வீட்டோடு போய்விட்டாராம். வில்லியனூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் ஒரு கச்சேரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. "உங்க வூட்டம்மா வாசிச்சா நல்லாருக்கும் தம்பி. செட்டாச்சுன்னா மேற்கொண்டும் சேந்து போலாம்" என்றார். இந்த முறை நான் ஒன்றும் பேசாமல் போனை அவள் கையில் கொடுத்தேன். பேசி முடித்து அவள் திரும்பிய முகத்தைப் பார்த்ததும் எனக்குள் சுருக்கென்றது. இதே முகத்தை இன்னும் இரண்டு முறை பார்த்திருக்கலாமே.

அந்தக் குற்றவுணர்ச்சிதான் என்னைக் கெடுத்தது. கச்சேரிக்கு என் பங்குக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று ஒரு அரிப்பு. பைக்குக்குப் புது டியூப் மாட்டினேன். பெட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தாள். எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல், அதில் கச்சேரி நாள் வேறு. நான் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? பெட்டியைத் திறந்தேன். வயலினைத் தொடுகிற தைரியம் இல்லை. வில்லை மட்டும் எடுத்துப் பார்த்தேன். நீளமாகக் குதிரை வால் முடி. அது குதிரை முடி என்று அவள் சொல்லித்தான் தெரியும். ஒரு முனையில் பழுப்பேறியிருந்தது. தட்டினால் வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. பார்த்தால் சாட்சாத் பொடுகு. ஐயோ பாவம், இத்தனை வருஷமாக இதைக் கவனிக்க ஆளில்லையே என்று எனக்கு மனசே கேட்கவில்லை.

தேங்காயெண்ணெய் பாட்டில் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. உள்ளங்கையில் ஊற்றி, அடியிலிருந்து நுனிவரை, நுனியிலிருந்து அடிவரை, மகளுக்குத் தலை வாரிவிடுகிற பக்குவத்தில் நிதானமாகத் தடவினேன். பொடுகு அத்தனையும் போயிற்று. முடி பளபளவென்று ஆகிவிட்டது. துணியில் ஒற்றி எடுத்து, பழையபடி வைத்து மூடினேன். அவள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

பதினொரு மணிக்கு அவள் வாசித்துப் பார்க்க உட்கார்ந்தாள். வில் போயிற்று, வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். பாட்டரி செத்த ரேடியோ மாதிரி ஒரு முனகல். வில்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணீங்க?"

"பொடுகு மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் எண்ணெ..." என்றேன். பாதியிலேயே எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக, மகளுக்குச் சொல்வதைப்போலச் சொன்னாள். அது பொடுகில்லை. ரோசின் என்று ஒரு கட்டி, மரப்பிசினில் செய்வது. அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் முடியில் சொரசொரப்பு வரும். அந்தச் சொரசொரப்புதான் தந்தியைப் பிடித்து இழுக்கும். பிடித்தால்தான் நாதம். எண்ணெய் பட்டால் வழுக்கும், வழுக்கினால் ஒன்றுமில்லை. அவளிடம் இன்னொரு வில் உண்டு. அது முடி மாற்றச் சென்னைக்குப் போயிருந்தது.

என் அம்மா சமையலறையிலிருந்து எனக்காக வாதாட வந்தாள். "முடின்னு இருந்தா எண்ணெ வெக்கத்தானே செய்வாங்க? அவனுக்கு இன்னா தெரியும்?" என்றாள். மகன் ஒன்றும் தெரியாதவன் என்பதை இதற்கு முன்பு அவள் அவ்வளவு அன்பாகச் சொன்னதில்லை.

சென்னையில் வில் சரிசெய்கிறவருக்கு அவள் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "எண்ணெயா? யாரும்மா தடவுனது?" அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "தடவிட்டாங்க சார்" என்றாள். அந்த மரியாதைப் பன்மையில் நான் செத்தேன். முடியை மட்டும் சோப்பு நுரையில் கழுவி, பிறகு சாயமில்லாத ஸ்பிரிட்டில் இரண்டு மூன்று தடவை துடைத்துக் காயவைத்து, ரோசினை முதலிலிருந்து ஏற்றச் சொன்னார். "பாதிதான் திரும்பும். அதுக்கு மேல சாமி விட்ட வழி" என்று வைத்துவிட்டார்.

மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் தீர்ந்துபோயிருந்தது. சானிடைசர் கொடுத்தார்கள். அதைக் கையில் தேய்த்துப் பார்த்தால் பிசுக்கு. மறுபடியும் சென்னைக்குப் போன். அவர் சொன்னார், "புதுச்சேரியில இருந்துக்கிட்டு ஸ்பிரிட் கிடைக்கலன்னா எப்டி சார்? வோட்கா வாங்குங்க."

புதுச்சேரி மண்ணில் பிறந்து, நாற்பத்து மூன்று வயதுவரை பிராந்திக் கடை வாசலை மிதிக்காதவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் அன்று மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குப் போயிற்று. கடைப்பையன் என் கூடப் படித்தவனின் தம்பி. "அண்ணே, நீங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டான். "வூட்ல இன்னா பிரச்சன?" என்றான் பரிதாபமாக. "பொண்டாட்டிக்குப்பா" என்று உளறிவிட்டு ஓடிவந்தேன். அந்த வார்த்தை ஊரைச் சுற்றி எங்கே போய் எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

பழைய டூத் பிரஷ்ஷால் நுரை போட்டாள். மரத்தில் ஈரம் படாமல் நான் பிடித்துக்கொண்டேன். பிறகு வோட்காவில் நனைத்த துணியால் மூன்று தடவை துடைத்தாள். ஃபேனுக்குக் கீழே காயவைத்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் காவல் உட்கார்ந்தோம். பிரசவ வார்டு வாசல் மாதிரி இருந்தது. பேச்சுக் கொடுக்கப் பயமாக இருந்தது. அவளே பேசினாள்.

அவளுக்குப் பிடித்த ஒரு கதை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு ஐரோப்பாவில் இருந்த ஒரு வயலின்காரம்மாவின் கதை. லைப்ரரியில் ஒரு பழைய புத்தகத்தில் படித்தாளாம். பெயரையும் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் பியானோ வாசிக்கலாம், வயலின் கூடாதாம். தாடையை அமுக்கி, முகத்தைக் கோணிக்கொண்டு வாசித்தால் பெண்ணுக்கு லட்சணமாக இருக்காதாம். அந்த அம்மா ஏழெட்டு வயதிலேயே அப்பாவோடு ஊர் ஊராகக் குதிரை வண்டியில் போய் வாசித்தவள். பெரிய பெரிய மண்டபங்கள், ராஜா ராணிகள் எல்லாம் பார்த்தவள். முதல் பத்து நிமிஷம் ஜனங்கள் அவளைப் பார்த்தார்களாம். பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்களாம்.

"கல்யாணம் பண்ணிக்கினாங்க. அதுக்கப்பறம் கொஞ்ச வருஷம் மேடையே ஏறல. ஏன்னு புக்ல போடல" என்றாள் அவள், வில்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "அப்பறம் திரும்பி வந்து, முடி நரைக்கிற வரைக்கும் வாசிச்சாங்க."

ஏன் என்பது புத்தகம் எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கு ஒரு காரணம் தெரியும். அதை மறைக்க வேறெதையோ பேசினேன். "அந்தம்மா வூட்டுக்காரரும் எண்ணெ தடவியிருப்பாரு" என்றேன். காலையிலிருந்து முதல்முறையாக அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மூன்று மணிவரை ரோசின் தேய்த்தாள். சத்தம் வந்தது. முழுசாக இல்லை, சளி பிடித்த தொண்டை மாதிரி. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூருக்கு வண்டியை விட்டேன். பின்னால் அவள் மடியில் பெட்டி. வழி நெடுக அவள் விரல் என் முதுகில் ஏதோ ஒரு பாட்டைத் தட்டிக்கொண்டே வந்தது.

மேடையில் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். வயலினின் தலையை மடித்த வலது பாதத்தின்மேல் வைத்து, கண்ணை மூடித் திறந்தாள். பெட்டித் துணியில் கொஞ்சம் வோட்கா சிந்தியிருந்தது போலும். மிருதங்கக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பாடகரைப் பார்த்தார். பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் என் மனைவி கஷ்டப்படுவது தெரியும். வேகமாக வாசிக்க வேண்டிய இடங்களில் வில் வழுக்கியது. இரண்டு இடத்தில் சத்தமே விட்டுப்போயிற்று. அவள் அதற்கேற்ற மாதிரி மாறிக்கொண்டாள். பாடகர் பத்துச் சுரம் பாடினால் இவள் அதில் முக்கியமான நாலை மட்டும் எடுத்து நீளமாக, அழுத்தி இழுத்தாள். பெரியவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். நிதானமாக அவர் ஒரு ராகத்தைப் பாட, இவள் அந்த மெலிந்த சத்தத்திலேயே பின்தொடர்ந்தபோது கூட்டத்தில் பேச்சு நின்றது. சுண்டல் விற்கிறவன்கூடக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் பாடகர் கேட்டார். "இன்னாம்மா, வில்லு வழுக்குச்சே?"

"ரோசின் சரியா போடல ஐயா. என் கவனக்குறைவுதான்" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. என் தப்புக்கு அவள் ஏன் தலைகுனிய வேண்டும்? முன்னால் போய் நின்றேன். "ஐயா, அவங்க மேல தப்பில்ல. நான்தான் பொடுகுன்னு நெனச்சு வில்லுக்குத் தேங்கா எண்ணெ தடவிட்டேன்" என்றேன். பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. மிருதங்கக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோயில் கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்ல வைத்தார்கள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கியது. மானம் போனாலும் பெண்டாட்டி பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு பெருமை.

திரும்பும்போது என் முதுகில் விரல் தட்டவில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் டீக்கடை வந்ததும், "நிறுத்துங்க" என்றாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் நின்றாள்.

"யாரு உங்கள சொல்லச் சொன்னது?"

"உன் மேல பழி வரக் கூடாதுன்னுதான்..."

"நான் ரோசின் போடலன்னா அது ஒரு நாளு தப்பு. அடுத்த வாட்டி ஒழுங்கா வாசிச்சா போயிடும். புருஷன் வில்லுல எண்ணெ தடவிட்டான்னா அது கதை. ஊரு பூரா சொல்லிக்கினு திரிவாங்க. 'பாவம், நல்லாதான் வாசிக்கும் அந்தப் பொண்ணு, ஆனா வாக்கப்பட்ட எடம் அப்டி'ன்னு. பாவம்னு ஆயிட்டா அப்பறம் யாரும் கூப்புட மாட்டாங்க. விசாரிக்கத்தான் செய்வாங்க."

அவள் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காப்பாற்றியது தன் மேடையை. என் பெருந்தன்மையில் முதலில் அடிபட்டது அதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் சிரிப்பும் இருந்தது, பேச்சும் இருந்தது. போன் மட்டும் வரவில்லை. அவள் கேட்கவில்லை. நான் குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோனேன். கழனியில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் அடித்தது.

"இன்னா எண்ணெக்காரரே!" என்றார் பெரியவர். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். "தை மாசத்துல மூணு கச்சேரி இருக்குது. அன்னிக்கு அந்த வில்ல வெச்சுக்கினே அப்டி வாசிச்சவங்க, நல்ல வில்லுல எப்டி வாசிப்பாங்கன்னு எனக்குக் கேக்கணும். அனுப்பி வெப்பீங்களா தம்பி?"

"சரிங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "ஐயா, அவங்க நம்பர் தர்றேன். அவங்களயே கேளுங்க" என்றேன்.

"நம்பர் இருக்குது தம்பி. இருந்தாலும் உங்களக் கேக்கறதுதானே முறை?"

"அவங்க வாசிக்கறது ஐயா. நான் இன்னா சொல்றதுக்கு இருக்குது?"

வைத்துவிட்டார். ஏற்றிய கரும்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் பேசி முடித்திருந்தாள். காலண்டரில் மூன்று தேதியை வட்டம் போட்டிருந்தாள். "எனக்கே பண்ணாரு, நேரா எனக்கே" என்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு இனியும் மறைத்தால் நான் மனுஷனில்லை என்று தோன்றியது. உட்கார வைத்து, நான் மறுத்த இரண்டு போனையும் சொன்னேன்.

முதலாவதைக் கேட்டுத் தலையாட்டினாள். இரண்டாவது, அறுவடையின்போது வந்தது, ஒரு பாடகியம்மாவுடையது. யார் என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறியது. அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த குரல் அது. அந்த அம்மா அதற்கு ஒரு வருஷம் முன்பே இறந்துபோயிருந்தார்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றைத்தான்.

"அவங்களே பேசினாங்களா?"

"ஆமா."

"இன்னா சொன்னாங்க? அப்டியே சொல்லுங்க."

ஏதோ ஒரு கல்யாணத்தில் இவள் வாசித்ததைக் கேட்டதாகச் சொன்னார். அந்தப் பெண்ணோடு ஒரு முறை பாட வேண்டும் என்று சொன்னார். அதற்குப் பிறகும் என்னவோ சொன்னார், இவள் வாசிப்பைப் பற்றித்தான். அறுப்பு மிஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சரி சரி என்றேன்.

"அதுக்கப்பறம் இன்னா சொன்னாங்க?" என்று இன்றைக்கும் சில நாள் கேட்கிறாள். கோபமாக இல்லை, ஒருவேளை எனக்கு ஞாபகம் வந்திருக்குமோ என்று. நானும் ஒவ்வொரு முறையும் யோசித்துப் பார்க்கிறேன். மிஷின் சத்தம்தான் கேட்கிறது.